வெந்நீர் வராத ஹோட்டலில் இங்கிலீஷ் வகுப்பு

கோல் மார்க்கெட் பக்கம் ஒரு ஹோட்டலில் தங்கியிருக்கிறேன். தில்லியின் ஜனவரிக் குளிர். குழாயில் வெந்நீர் வரவில்லை. புகார் சொல்லக் கீழே இறங்கினால், சாப்பாட்டு அறையில் பணியாளர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. தேறுகிறவருக்குத்தான் வேலை நிரந்தரமாம்.

என்னைக் கண்டதும் மானேஜருக்கு முகம் மலர்கிறது. "அச்சா! உங்கள் புகாரை இவரிடம் சொல்லுங்கள் சார், அதுவே பரீட்சையாக இருக்கட்டும்" என்று, எனக்குக் காபி கொண்டுவரும் விழுப்புரத்துக்காரர் செல்வராஜை முன்னே தள்ளுகிறார்.

சொல்கிறேன். அந்தக் குளிரிலும் வியர்த்துக்கொண்டு, நெஞ்சில் கைவைத்து, "வீ டீப்லி ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ், சார்" என்று செல்வராஜ் பிசகாமல் சொல்லி முடிக்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். மானேஜர் அவரைக் கட்டிக்கொள்கிறார். நானும் தட்டுகிறேன்.

வாசலில் அவரைப் பிடித்துத் தமிழில் கேட்கிறேன்: "வெந்நீர் எப்பங்க வரும்?"

"பாய்லர் போயிடுச்சு சார். அதனாலதானே இங்கிலீஷ் வாத்தியாரை வெச்சிருக்காங்க."