கிணற்றில் குளிர்ந்த வைன்

மகளின் கல்யாணம் ஜெர்மனியில் பதிவாகிவிட்டது. சேர்ச் ஆசீர்வாதத்தை மட்டும் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான பண்டத்தரிப்பில் வைப்பதென்று முடிவானபோது, மாப்பிள்ளையின் தாயும் வருவதாகச் சொன்னார். அவர் மோசல் ஆற்றங்கரையில் முந்திரிகைத் தோட்டம் வைத்திருப்பவர். திராட்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்கள் வளவிலும் முந்திரிகைப் பந்தல் உண்டு. இரு வீட்டுக்கும் ஒரே பயிர் என்று என் கணவருக்குப் பெருமை. அங்கே அதில் வைன் செய்து விற்கிறார்கள் என்பதைத்தான் அவர் வெளியில் சொல்லவில்லை. நாங்கள் மெதடிஸ்த குடும்பம். வீட்டில் மது புழங்கியதே இல்லை. சபையின் திருவிருந்துக்குக்கூட எங்கள் பழத்தைக் காய்ச்சி வடித்த சாறுதான் போகும்.

ஆசீர்வாதத்துக்கு நான் உடுக்கும் சாறியின் பிளவுஸ் தைத்து வரவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, மகளோடும் மாப்பிள்ளையோடும் சம்பந்தியம்மா வந்திறங்கினார். என் வயதுதான் இருக்கும். வெயிலில் காய்ந்த முகம், காய்ப்பேறிய கைகள். கைப்பையைக்கூட வைக்காமல் நேரே பந்தலுக்குப் போனார். தலைக்கு மேல் தொங்கிய குலைகளை அண்ணாந்து பார்த்தார், பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு என் மகளிடம் ஏதோ கேட்டார்.

"ஆறு எங்கை, மலை எங்கை எண்டு கேக்கிறா, அம்மா."

"ரெண்டும் இஞ்சை இல்லை எண்டு சொல்லு பிள்ளை. கிணறுதான் இருக்கு."

அவர் சிரித்தார். அவருடைய தோட்டம் சாத்தி வைத்த ஏணி போலச் செங்குத்தாம். பழம் பிடுங்கும்போது ஒரு கால் மற்றக் காலைவிட உயரத்திலேயே நிற்குமாம். எங்கள் சமதரையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறதாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அவர் பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். தன் மலைச்சரிவில் விளைந்த ரீஸ்லிங், வெள்ளை வைன். குளிரக் குளிரக் குடிக்க வேண்டுமாம். அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. நான் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"கிணத்துக்கை விடுவம்," என்றார். "விருந்தாளி கொண்டந்ததைச் சூடாக் குடுக்கேலாது."

அவரே போத்தலை வாளியில் வைத்துத் தண்ணீருக்குள் இறக்கினார்.

குருநகர் இறாலைப் பொரித்திருந்தேன். வைன் கிளாஸ் எங்களிடம் ஏது? சில்வர் பேணிகளில்தான் சம்பந்தியம்மா ஊற்றினார். கணவர் கையால் வேண்டாமென்று காட்டினார். சம்பந்தியம்மா வற்புறுத்தவில்லை. மகள் சொல்லியிருந்த எங்கள் திருவிருந்துச் சாற்றைத் தரச் சொல்லிக் கேட்டார். ஒரு பேணி முழுவதையும் மெதுவாகக் குடித்தார்.

"சீனி போடேல்லையோ எண்டு கேக்கிறா, அப்பா."

"ஒரு துளியும் இல்லை எண்டு சொல்லு." கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து என் பக்கம் திரும்பினார். "இஞ்சேர், எனக்கும் உதிலை கொஞ்சம் ஊத்து. அவ எங்கடையைக் குடிச்சவ. அவவின்ரையை நான் தொடாமல் விட்டால் மரியாதை இல்லை."

குடித்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முதல் புளிக்குது," என்றார். "பிறகு இனிக்குது. பச்சை அப்பிள் மாதிரி."

ஓர் இறாலைத் தின்றுவிட்டு இன்னொரு மிடறு குடித்தார். அவருடைய பேணியை வாங்கி நானும் குடித்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டன. மகள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளைக்குப் புரைக்கேறியது.

பின்னேரம் சம்பந்தியம்மா கத்தரிக்கோலோடு பந்தலடியில் நின்றார். எந்தக் கொடியை எங்கே வெட்டுவது என்று இருவருக்கும் பெரிய விவாதம். கணவர் தமிழில் கதைத்தார், சம்பந்தியம்மா ஜெர்மனில் பதில் சொன்னார். மொழிபெயர்க்க மகளை யாரும் கூப்பிடவில்லை. ஆசீர்வாதத்துக்கான சாறிச் சட்டை இன்னும் தைத்து வரவில்லை என்ற கவலை எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது.