நிறுவியவர், உதவியவர்

‘ஏஜென்ட்’ என்ற ஒரு சொல்லுக்காக, கம்பளையிலிருந்து கண்டிக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸிலிருந்து என்னை இறக்கினார்கள். யுத்தத்தின் கடைசி வருஷங்கள் அவை. என்னை இறக்கியவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லமாட்டேன். இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் வேறொருவர்மேல்.

நான் மடுல்கெல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தார். கணினி படித்துவிட்டுக் கண்டியில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்களுக்குக் கம்பளை, கட்டுகஸ்தோட்டை, மாத்தளை என்று சுற்றிலும் ஆறு கிளைகள். கிளைகளில் எடுக்கும் இரத்தம் வான் வண்டியில் கண்டிக்கு வரும். முடிவுகள் கணினி வழியாகத் திரும்பிப் போய் அங்கேயே அச்சாகும்.

அச்சாகவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. லைன் அறுந்தாலோ, கிளையில் இருந்த சேர்வர் கணினி நின்றாலோ கண்டியில் யாருக்கும் தெரியாது. ஒருமுறை தோட்டத்துப் பெண் ஒருவர் டெங்குக் காய்ச்சலோடு கம்பளைக் கிளைக்கு இரண்டு தடவை வந்து, “இன்னும் வரல்லைங்களா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். அவருடைய முடிவு முதல் நாள் காலையிலேயே தயாராகி எங்கள் கணினியில் கிடந்தது. அங்கே அச்சடிக்கும் நிரல் நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். அது எங்கள் புண்ணியத்தால் அல்ல.

அதற்குப் பிறகுதான் நான் நிலையத்தை நடத்திய முகாமையாளரிடம் போனேன். எல்லாக் கிளைகளின் கணினிகளையும் ஓர் இடத்திலிருந்து கண்காணிக்கும் மென்பொருள் இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது, நான் நிறுவித் தருகிறேன் என்றேன். அவர் சிங்களவர், படித்தவர், குரலை உயர்த்தாதவர். “செய்து பாருங்கள்” என்று சிங்களத்தில் சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என் மேசைப் பக்கமே வரவில்லை.

அது ஒரே பெட்டியில் வரும் பொருள் அல்ல. கண்டியில் ஒரு கணினியில் முதன்மை நிரல் ஓடவேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லாக் கிளைகளையும் அது தட்டிப் பார்க்கும். பார்த்ததைச் சேமிக்க ஒரு தரவுத்தளம். அதைப் பச்சையும் சிவப்புமாகத் திரையில் காட்ட ஒரு வலைப்பக்கம். ஏதாவது நின்றால் என் கையில் இருந்த வேலைப் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப, வயரில் மாட்டிய ஒரு பழைய போன். கடைசியாக, ஒவ்வொரு கிளையின் கணினியிலும் உட்கார்ந்து, ‘நான் உயிரோடு இருக்கிறேன், இந்த நிரல் ஓடுகிறது, அந்த நிரல் நின்றுவிட்டது’ என்று கண்டிக்குச் சொல்லும் ஒரு சின்ன நிரல். அந்தச் சின்ன நிரலுக்குப் பெயர்தான் ஏஜென்ட்.

ஒன்று ஓடினால் மற்றது ஓடாது. தரவுத்தளம் எழும்பும், வலைப்பக்கம் வெள்ளையாக நிற்கும். வலைப்பக்கம் சரியானால் போன் பேசாது. மாத்தளை ஏஜென்ட் ஒரு வாரமாக என்னை அலைக்கழித்தது. எல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் கண்டி அதன் பேச்சை ஏற்காது. பிறகுதான் பிடிபட்டது. அந்த வருஷம் நாட்டின் நேரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். மாத்தளைக் கணினிக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அது அரை மணி முன்னால் இருந்துகொண்டு, இன்னும் நடக்காதவற்றைக் கண்டிக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. கட்டுகஸ்தோட்டையில் தாதி ஒருவர் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க இணையப் பெட்டியின் வயரைக் கழற்றுவார். அதனால், மூன்று முறை தட்டியும் பதில் வராவிட்டால் மட்டும் செய்தி அனுப்பு என்று மாற்றி எழுதினேன். இதையெல்லாம் தேதி போட்டுக் கொப்பியில் குறித்தேன். ‘கம்பளை, ஏஜென்ட் வைத்தாயிற்று. மாத்தளை, ஏஜென்ட் பதில் இல்லை.’

என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், பரிசோதனைக்கூடத்தில் மூத்தவர், அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு முகம் மாறினார்.

“பிள்ளை, இதைக் கொண்டு பஸ்ஸிலை திரியாதையும்.”

“வேலைக் கொப்பிங்க சார் இது.”

“ஓம், எனக்குத் தெரியும். சோதனைச் சாவடியிலை நிக்கிறவனுக்குத் தெரியுமே? கொம்பனிக் கடிதத் தலைப்பிலை, இது உம்மடை வேலை எண்டு ஒரு கடிதம் கேட்டு வாங்கும்.”

கேட்டேன். முகாமையாளர், “எதற்கு? உங்களைப் பார்த்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?” என்று சிரித்தார். அடுத்த வாரமும் கேட்டேன். தருகிறேன் என்றார். தரவில்லை. ஏன் தரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று கம்பளைக் கிளையில் ஏஜென்டைப் புதுப்பித்துவிட்டு மத்தியான பஸ்ஸில் ஏறினேன். வழியில் ஒரு சாவடியில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். என் பெயரை வாசித்த பொலிஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார். கொப்பியைப் புரட்டினார். தமிழ் தெரியாதவர்தான், ஆனால் ஊர்ப் பெயர்களையும் ஏஜென்ட் என்ற சொல்லையும் நான் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கையிலிருந்த போன் இரண்டு முறை அதிர்ந்தது. கம்பளையில் மின்சாரம் போயிருந்தது. ‘கம்பளை டவுன். ஏஜென்ட் டவுன்.’ அவர் அதையும் வாசித்தார்.

பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. அதில் இருந்தவர்கள் யன்னல் வழியாக என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

பொலிஸ் நிலையத்தில் ஒரு கதிரை கொடுத்தார்கள். என்னை யாரும் அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்பதை நன்றியோடு சொல்ல வேண்டியிருந்த காலம் அது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மூன்று பேருக்கு மூன்று தடவை விளக்கினேன். ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை, கணினிக்குள் ஓடும் நிரல் என்றேன். டவுன் என்றால் யாரும் விழவில்லை, மின்சாரம் போய்விட்டது என்றேன். பொறுப்பதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, உங்கள் முகாமையாளரிடம் கேட்போம்” என்றார். எனக்கு உயிர் வந்தது. என் எதிரிலேயே எடுத்துப் பேசினார். மறுமுனையின் குரல் எனக்கும் கேட்டது.

“அந்தப் பெண் எங்களிடம் தரவு பதிபவர். அந்தக் கண்காணிப்பு வேலை என்னுடையது. அந்தக் குறிப்புகள் அவரிடம் ஏன் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.”

பொறுப்பதிகாரி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதுவரை அவர் கண்ணில் எனக்காக இருந்த கொஞ்சம் இடமும் போய்விட்டது. நான் அழவில்லை. ஒரு மாதம் வெயிலிலும் மழையிலும் பஸ்ஸில் போய் ஆறு ஊர்களில் தரையில் உட்கார்ந்து வயர் மாட்டியவள் நான். கொழும்பில் இருந்த நிறுவனப் பணிப்பாளர்களுக்கு அனுப்பிய அறிக்கையில் அவர் தன் பெயரைப் போட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற என்னைப் பொலிஸில் விட்டுவிட்டார்.

என்னை மீட்டது ஒரு தொலைபேசி அழைப்பு. கம்பளைக் கிளை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர், கீழே துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், மின்சாரம் வந்துவிட்டது என்று சொல்ல என் போனுக்கு அழைத்திருக்கிறார். பொலிஸ்காரர் எடுத்தார். பெரியவர் நல்ல சிங்களத்தில் என்ன ஏது என்று விசாரித்தார். ஒரு மணி நேரத்தில் தன் வானில் வந்து இறங்கினார். கிளையின் வருகைப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் வந்த நாள், நேரம், செய்த வேலை, கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. மேசையில் விரித்து வைத்து ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக் காட்டினார். பொறுப்பதிகாரி புத்தகத்தையும் என் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளைப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் என்னை விட்டார்கள்.

வானில் ஏறியதும் பெரியவர் கேட்டார், “மகள், ஒங்கட கொம்பனியில யாருமே வரல்லயா?”

“இல்லைங்க.”

“அது சரியில்ல. எனக்கு ஒங்கள அந்தப் பொட்டிய நோண்டுறதுலதான் தெரியும். அவங்களுக்கு ஒங்கள நல்லாத் தெரியுமே.”

நான் கொப்பியைப் பைக்குள் வைத்து மூடினேன். சொல்லத் தொடங்கினால் நிறுத்தமுடியாது என்று தெரியும்.

மறுநாள் காலை யாழ்ப்பாணத்துக்காரர் பரிசோதனைக்கூட வாசலில் எனக்காகக் காத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“நேற்றே கேள்விப்பட்டனான். வாறன் எண்டு வெளிக்கிட்டு, கண்டி கோட்ஷெட் பஸ் நிலையம் மட்டும் வந்திட்டுத் திரும்பிப் போனன். யாழ்ப்பாண அடையாள அட்டையோடை நான் வந்திருந்தா உம்மையும் விட்டிருக்க மாட்டினம்.”

அவர் சொன்னது உண்மை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரை அப்படிப் பாதி வழியில் நிறுத்திய காலத்தின்மேல்தான் வந்தது.

நேராக முகாமையாளர் அறைக்குப் போனேன். “ஒரு தவறான புரிதல். இந்தக் காலத்தில் எல்லோரும் கவனமாக இருக்கவேண்டும்” என்றார். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து பணிப்பாளர்கள் வருகிறார்கள், திரையைத் தயாராக வையுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

“கடிதம் தந்தால் வைக்கிறேன். நான்தான் நிறுவினேன் என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்” என்றேன்.

அவர் எழுதினார். வாங்கி வாசித்தேன். ‘கண்காணிப்பு மென்பொருளை நிறுவ உதவியவர்’ என்று இருந்தது. மேசையில் திருப்பி வைத்தேன்.

“உதவியவர் இல்லை. நிறுவியவர்.”

“இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?”

“வித்தியாசம் இல்லை என்றால் மாற்றி எழுதுங்கள்.”

அவர் முகம் இறுகியது. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். முதன்மை நிரலின் கடவுச்சொல் என்னிடம் மட்டுமே இருந்தது. அதை நான் ஒரு வார்த்தையாலும் நினைவூட்டவில்லை. அவருக்கே நினைவிருந்தது. இன்னொரு தாளை எடுத்தார். வெள்ளிக்கிழமை பணிப்பாளர்கள் வந்து ஆறு பச்சை விளக்குகளைப் பார்த்துவிட்டு அவருக்குத்தான் கைகொடுத்தார்கள். நான் பின்வரிசையில், பையில் கடிதத்தோடு நின்றேன். ஒரே ஒரு பணிப்பாளர் மட்டும், யார் இதைப் பராமரிப்பது என்று கேட்டார். “நான்தான். நிறுவியதும் நான்தான்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு தேநீர் வந்தது.

அடுத்த வாரம் போனை என்னிடமிருந்து வாங்கி, என் பிரிவில் இருந்த சிங்கள இளைஞர் ஒருவரிடம் கொடுத்தார்கள். என் பாதுகாப்புக்காகவாம். அவர் நல்ல மனிதர். வேலையைக் கவனமாகக் கற்றுக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மாத்தளையிலிருந்து திரும்பி வந்தவர் என் மேசைக்கு வந்தார்.

“அக்கா, இன்றைக்குச் சாவடியில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கொப்பியும் கையிலேயே இருந்தது. என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லையே. உங்களை மட்டும் ஏன் பிடித்தார்கள்?”

அவர் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் என்னை அதிகம் எரித்தது. “உட்காருங்கள்” என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அன்று நடந்ததை முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல் சொன்னேன். முகாமையாளர் போனில் சொன்னதையும், அவர் அறைக் கதவு திறந்திருக்க, உள்ளே இருந்த அவருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்.