புதன்கிழமைக் கூட்டத்தின் நாலாவது ஆள்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்திலும் ஒரு சங்கத்தை நான் உயிரோடு வைத்திருந்தேன். அப்படித்தான் பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெட்டி ஜம்பத்துக்குக் குறைச்சலே இல்லை. அதற்கு யார் விலை கொடுத்தார் என்பதை மட்டும் எங்கேயும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் தொடங்கி நாடு நாடாகக் கிளை விட்ட சேவைச் சங்கம் அது. மலாயாவுக்கு வெள்ளைக்காரத் துரைமார்களோடு வந்து, பிறகு எங்களைப் போன்றவர்களுக்கும் நாற்காலி போட்டது. ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் உறுப்பினர். வாரம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டோடு கூட்டம். ஒரு வாரம் தவறினால், பக்கத்து ஊர்க் கிளையில் போய் உட்கார்ந்து அந்த வருகையை ஈடுகட்ட வேண்டும். பெரிய பெரிய வக்கீல்களெல்லாம் அதற்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல் பயப்படுவார்கள். கோலாலம்பூர்க் கிளையின் வருகைப் பதிவேடு என் கையில் இருந்தது. ரயில்வேயில் கிராணியாக, பேப்பர் எழுதும் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அது ஒரு கிரீடம் மாதிரி.

புதியவர் சேரும்போதெல்லாம் இயக்கத்தின் வரலாற்றைச் சொல்வதும் நான்தான். முதல் கூட்டத்தில் நாலே பேர், ஒருவருடைய ஆபீஸ் அறையில் சினேகிதம் தேடி உட்கார்ந்த நாலு பேர் என்று ஆரம்பிப்பேன். "நாலு பேர் இருந்தால் போதும்" என்று ஏற்றி இறக்கிச் சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும்.

நாற்பத்திரண்டில் எல்லாம் நின்றது. துரைமார்களில் சிலர் ஓடினார்கள், மிச்சப் பேர் சிறைக்குப் போனார்கள். ஜப்பானிலேயே இந்த இயக்கத்துக்குக் கிளைகள் இருந்ததும், போருக்கு முன்பே அவற்றைக் கலைக்க வைத்ததும் எங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுத் தொடர்புள்ள சங்கம் என்றால் ஒற்றன் என்றுதான் அர்த்தம். புத்தியுள்ளவர்கள் வீட்டோடு இருந்துகொண்டார்கள். எனக்கோ பழக்க தோஷம். புதன்கிழமை மதியம் ஆனால் கை பதிவேட்டைத் தேடியது.

நாலு பேர் சேர்ந்தோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கிளினிக் வைத்திருந்த சீனப் பல் டாக்டர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கிள்ளானில் ஸ்டூடியோ வைத்திருந்த போட்டோகிராபர், நான். டாக்டரின் முன்னறையில், தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். பல்வலிக்காரனை எந்தச் சிப்பாயும் சந்தேகப்பட மாட்டான் என்பது தலைமையாசிரியரின் யோசனை. அவித்த மரவள்ளிக்கிழங்கும் சீனி இல்லாத காப்பியும்தான் விருந்து. ஆரம்பத்தில் ரயில்வே குவாட்டர்ஸ் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினோம். அரிசி கிடைக்காமல் அதுவும் நின்றது. பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. வருவோம், உட்காருவோம், நான் பெயர்களைக் குறித்துக்கொள்வேன்.

போட்டோகிராபர் இருபது மைல் சைக்கிள் மிதித்து வருவார். டியூப் கிடைக்காத காலம். டயருக்குள் ரப்பர் குழாயை வெட்டித் திணித்திருப்பார். வந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். சேர்ந்த ஆறு வருஷத்தில் ஒரு கூட்டம்கூடத் தவறவிடாத மனுஷன். சங்க வழக்கப்படி என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அவருக்கு அது கடைசிவரை வரவில்லை.

நாற்பத்து மூன்றில் ஒரு புதன்கிழமை, கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணே, அடுத்த வாரம் நான் வரலண்ணே. கிள்ளான் ரோட்டுல லோரிய நிறுத்தி ஆளுங்களப் பிடிக்கிறான். சயாமுல ரயில் பாதை போடக் கொண்டு போறான். பாசார்ல சாமான் வாங்க நின்னவங்களையே ஏத்திட்டான்."

"தோட்டத்து ஆளுங்களத்தான பிடிக்கிறான்? ஒனக்கு என்ன லா?" என்றேன்.

"பிடிக்கிறவனுக்கு நான் ஸ்டூடியோக்காரன்னு தெரியுமாண்ணே? தமிழன்னா லோரிதான்."

நியாயமான பேச்சு. தலைமையாசிரியரும், "அவரு சொல்றது சரிதான், விடுங்க" என்றார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"ஆறு வருஷமா சேத்து வெச்சத ஒரே வாரத்துல தொலைக்கப் போறியா? நீ வரலன்னா நாங்க மூணு பேரு. மூணு பேரு உக்காந்தா அது கூட்டமா? வெறும் பல்வலிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். போகும்போது, "சரிண்ணே, பாக்குறேன்" என்றார்.

அடுத்த புதன் அவர் வரவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பயந்தாங்கொள்ளி" என்றேன், இந்த வாயால்தான். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே பென்சிலை அழுத்திப் பெருக்கல் குறி போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காப்பாரிலிருந்து கருவாடு கொண்டுவரும் ஒருவர் பல் பிடுங்க வந்தார். அவர்தான் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். கிள்ளான் போட்டோக்காரரைப் புதன்கிழமை காலையில் பாதி வழியில் லோரியில் ஏற்றிவிட்டார்களாம். பல்வலி, டாக்டரிடம் போகிறேன் என்று கும்பிட்டுக் கெஞ்சினாராம். சைக்கிள் மட்டும் ரோட்டோரம் கிடந்ததாம். செய்தி கேட்டதும் ரயில்வே யார்டுக்கு ஓடினேன். ஆட்களை ஏற்றிய சரக்கு வண்டி முந்தின நாளே வடக்கே போய்விட்டது. அந்த வண்டிக்கான பேப்பரை எழுதியவனே நான்தான். பெட்டிக்கு இத்தனை ஆள் என்று எழுதினேன், உள்ளே யார் என்று எட்டிப் பார்க்கவில்லை.

சண்டை முடிந்த பிறகு, சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய ஒருவர் விவரம் கொண்டுவந்தார். முகாமில் காலரா கண்டு போட்டோகிராபர் போய்விட்டாராம். அதே மாதம், கிளையை மறுபடி திறக்கலாமா என்று பேச்சு எழுந்தது. வரலாறு சொல்ல என்னைத்தான் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

கிள்ளானுக்குத் தனியாகப் போனேன். ஸ்டூடியோவின் முன்பாதியில் அவர் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வது என்று வழி முழுக்க மனதைத் தயார் செய்திருந்தேன்.

அந்த அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார். "அன்னைக்குப் போகாதீங்கன்னு நான் எவ்வளவோ சொன்னேண்ணே. போயே ஆகணும்னுட்டாரு. அப்படி என்ன வேலைண்ணே அங்க?"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நோயாளிப் பிள்ளைங்களுக்கு மருந்து வாங்கற வேலைம்மா. அவரு வந்தாதான் நடக்கும்னு இருந்துச்சு" என்றேன்.

 அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டார். எட்டு வயது இருக்கும்.

"அப்பா எதுக்குப் போனாருன்னு தெனம் கேப்பியே. இந்தா, மாமா சொல்றாரு கேளு."

பிள்ளை என் முன்னால் வந்து நின்றது. நான் அதையே இன்னொரு தடவை சொன்னேன்.