நான்காவது விசில்

என் மகளுக்குக் காது குத்தியபோது, மேளம் அவள் காதிலிருந்து இரண்டு முழத் தூரத்தில் முழங்கிக்கொண்டிருந்தது. திருமங்கலத்தைத் தாண்டி, கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயில். பதினோரு மாதக் குழந்தை, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு என் தம்பி மடியில் உட்கார்ந்திருந்தாள். அன்று காது குத்த வந்த மற்ற மூன்று குழந்தைகளும் உறுமிச் சத்தத்துக்கே அலறித் தீர்த்தன. என் மகள் மேளக்காரரின் மீசையைச் சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏறியபோது அழுதாள். அழுது முடித்ததும் மேளத்துக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போனாள்.

"எம்புட்டு சமத்து பாரு! எங்க வீட்டு ரத்தம்த்தா. எதுக்கும் அசராது" என்றார் என் நாத்தனார், கணவரின் அக்கா. பள்ளிக்கூட ஆசிரியை. காது கேளாமையை இதைவிடப் பெருமையாக யாரும் பாராட்டியிருக்க முடியாது.

எனக்கு அப்போதே சந்தேகம். ஆனால் என் சந்தேகத்துக்கு வீட்டில் மதிப்பு குறைவு. பல் முளைக்கவில்லை என்று பயந்தேன், முளைத்தது. தலை ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறது என்று பயந்தேன், உருண்டுவிட்டது. "என்னங்க, பிள்ளைக்குக் காது கேக்குதா?" என்று கேட்டபோது கணவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அடுத்து என்ன, மூக்கா?" என்றார்.

விஷயம் நாத்தனார் காதுக்குப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விளாங்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பரிசோதனை. கருவிகள்: எவர்சில்வர் தட்டு ஒன்று, கரண்டி ஒன்று. குழந்தை என்னைப் பார்த்தபடி என் மடியில் இருப்பாள். நாத்தனார் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டில் அடிப்பார். அடித்தார். மகள் திரும்பினாள். மறுபடி இரண்டு தடவை அடித்தார். திரும்பினாள்.

"மூணு தடவ அடிச்சேன், மூணு தடவயும் திரும்பிருச்சு. நீ படிச்ச பிள்ளதானேத்தா?"

படித்த பிள்ளைதான். இயற்பியலில் முதுகலை. ஒலி அலை எப்படிப் பரவுகிறது என்று கரும்பலகையில் படம் போட்டு இரண்டு வருடம் பாடம் நடத்தியவள். அதனால் ஆதாரத்துக்குக் கட்டுப்பட்டேன். என் மன நிம்மதிக்காக ஞாயிறுதோறும் தட்டு அடிக்கப்பட்டது. மகள் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை.

அவளுக்குப் பதினான்கு மாதம் ஆனபோது எனக்கு மெட்ராஸ் ஐ வந்தது. குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து (வேறு என்ன செய்வேன்) கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு வாரம் தள்ளியே இருந்தேன். கண் தெளிந்த பிறகும் எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடியைக் கழற்றவில்லை. ஞாயிறு வந்தது. நாத்தனாரும் வந்தார். குழந்தை என் மடியில் உட்கார்ந்தாள். தட்டு அடிக்கப்பட்டது.

மகள் திரும்பவில்லை. என் கண்ணாடிக்குள் தெரிந்த இரண்டு சின்ன மகள்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் ஓங்கி அடித்தார். தெருநாய் குரைத்தது. கீழ் வீட்டுக்காரம்மா படியேறி வந்து, "என்னமும் விழுந்துருச்சா?" என்று எட்டிப் பார்த்தார். அவருக்குக்கூடக் கேட்டிருக்கிறது.

"கண்ணாடியப் பாத்து மிரண்டுபோயி இருக்கு. கழட்டு அத" என்றார் நாத்தனார்.

கழற்றினேன். தட்டு அடிக்கப்பட்டது. மகள் உடனே திரும்பினாள்.

"பாத்தியா! நான் சொல்லல?"

எல்லோரும் மூச்சுவிட்டார்கள். நான் மட்டும் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தேன். "மதினி, அடிக்காதீங்க. சும்மா நில்லுங்க" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. பிறகு மகளின் தோளுக்கு மேலே, நாத்தனார் கையிலிருந்த தட்டை நிமிர்ந்து பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

மகள் திரும்பி அந்தத் தட்டைப் பார்த்தாள்.

தட்டில் கரண்டி படவே இல்லை. பரிசோதனை நடத்தியவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

மூன்று மாதமாக நடந்த பரீட்சையில் பிட் கொடுத்துக்கொண்டிருந்தது நான். தட்டு அடிக்கப்படும் ஒவ்வொரு முறையும் என் கண் அங்கே போயிருக்கிறது. அது போன வழியிலேயே அவள் போயிருக்கிறாள். கதவு தட்டப்பட்டால், குக்கர் கத்தினால், அப்பா வண்டி வந்து நின்றால், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் என் முகத்தில் நடந்ததுதான். கேட்பது காதின் வேலை என்று பாடம் நடத்தியவளின் மகள், அதைக் கண்ணால் செய்துகாட்டியிருக்கிறாள். அதுவும் இவ்வளவு பயந்த முகத்திலிருந்து அவள் எப்படிப்பட்ட உலகத்தைக் கேட்டாளோ!

பிறகு மருத்துவமனைகள், பரிசோதனைகள், தட்டு இல்லாமல். இரண்டு வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் கேட்பதற்கான கருவி ஒன்றை வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து, தல்லாகுளத்தில் ஒரு சின்ன அறையில் அதை இயக்கினார்கள். இந்த மாதிரி வீடியோக்களை நாங்கள் நிறையப் பார்த்திருந்தோம். குழந்தை சிரிக்கும், அம்மா அழுவாள். நான் கைக்குட்டையோடு தயாராக இருந்தேன், கணவர் போனோடு.

மகள் புருவத்தைச் சுருக்கினாள். என் கண்ணைப் பார்த்தாள். பார்வையால் எதுவும் காட்டக் கூடாது என்று அங்கே சொல்லியிருந்ததால் நான் சுவரைப் பார்த்தேன். அவள் மடியிலிருந்து இறங்கி, மேசைக்கடியில் கிடந்த பேனா மூடியை எடுத்து வாயில் வைத்தாள். இவ்வளவையும் கணவர் முழுதாகப் படம் பிடித்தார்.

"கேக்கலையாம்மா?" என்றேன், குழந்தைகளுக்குக் கேட்கப் பழக்கும் பயிற்சியாளரிடம். என்னைவிட இளைய பெண்.

"சத்தம் உள்ள போகுதுக்கா. அது என்னன்னுதான் அவளுக்குத் தெரியல. பிறந்தப்ப நமக்கும் தெரியாது, யாரும் வீடியோ எடுக்கல, அம்புட்டுதான்." பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க கண்ணு ரொம்பப் பேசுதுக்கா. பின்னாடி உக்காந்து பழக்குங்க" என்றாள்.

"வீட்ல கறுப்புக் கண்ணாடி ஒண்ணு இருக்கு."

"போடுங்க."

போட்டேன். வீட்டுக்குள், மாதக்கணக்கில். காய்கறி வண்டிக்காரர், "என்னக்கா, சினிமாவுல சேந்துட்டீகளா?" என்று தினமும் கேட்டார்.

பயிற்சி எளிது. ஒரு சின்ன வாளி, கொஞ்சம் மரக்கட்டைகள். சத்தம் கேட்டால் ஒரு கட்டையை வாளியில் போட வேண்டும். முதல் மாதம் கட்டைகளைச் சுவைத்தாள். இரண்டாம் மாதம் என் மேல் எறிந்தாள். மூன்றாம் மாதம் குழாயைத் திறந்தால் ஃபேனைப் பார்த்தாள். சத்தம் முகவரியோடு வருவதில்லை, நாம்தான் எழுதி ஒட்டுகிறோம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளோடு சேர்ந்து நானும் வீட்டைக் கேட்க ஆரம்பித்தேன். "நம்ம வீட்டுக்குப் பின்னாடி இம்புட்டு ரயில் போகுதாங்க?" என்றேன். "எந்த ரயில்?" என்றார் கணவர். நாமெல்லாம் கேட்கப் படித்ததைவிடக் கேட்காமலிருக்கப் படித்ததுதான் அதிகம் போலிருக்கிறது. மனைவி பேசுவதைப் பொறுத்தவரை அவர் அதில் முனைவர் பட்டமே வாங்கியவர்.

எட்டாம் மாதம் நான் பின்னால் உட்கார்ந்து கை தட்டினால் கட்டை வாளியில் விழுந்தது. பயிற்சியாளர் பாராட்டினாள். நான் நம்பவில்லை. கை தட்டும்போது என் முழங்கால் அவள் முதுகில் பட்டிருக்கலாம். என் மூச்சு மாறியிருக்கலாம். ஒரு தடவை ஏமாந்தவள் நான். அதுவும் என்னாலேயே ஏமாந்தவள். நான் இருக்கும் அறையில் அவள் எதைக் கேட்டாலும் அதை நான் சொல்லிக்கொடுத்ததாகவே தோன்றியது.

போன மாதம் ஒரு காலை, கூடத்தில் அவளைக் காலி வாளியோடும் கட்டைகளோடும் விட்டுவிட்டு அடுப்படியில் பருப்பு வைத்தேன். நடுவில் சுவர். அம்மா போனில் வந்தார். பேசி முடித்தபோது எத்தனை விசில் போனது என்று தெரியவில்லை. இது என் வழக்கம்தான். இந்த வீட்டில் பருப்பு ஒன்று வேகாது, இல்லையென்றால் கரையும். அடுப்பை அணைக்கலாமா என்று யோசித்தபடியே கூடத்தை எட்டிப் பார்த்தேன். மகள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். வாளிக்குள் மூன்று கட்டைகள்.

மூன்று விசில்தான் இருக்கும் என்று மனம் சொன்னது. சும்மா விளையாட்டுக்குப் போட்டிருப்பாள் என்று அதே மனம் சொன்னது. அவள் கண்ணில் படுவதற்குள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். அடுப்பை அணைக்கவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, இருட்டு அடுப்படியிலும் அந்தக் கண்ணாடியோடு, முழங்காலை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குக்கர் கத்தியது.

சுவருக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக் வாளியில் டொக்கென்று ஒரு கட்டை விழுந்தது.

ஐந்தாவதுக்கும் காத்திருந்தேன். ஒரே ஒரு தடவை தற்செயலாக இருக்கலாமே. டொக். ஆறாவதுக்கும். டொக். பருப்பு தீய்ந்த வாசனைக்கு ஓடிவந்த கணவர், "என்ன, விசில் கேக்கலையா?" என்றார்.

"கேட்டுச்சு" என்றேன்.