தூரம் பார்க்கிற மெஷின்

பெரியப்பா தன் புது மருமகனுக்கு மான் கறி போடுவதாக வாக்குக் கொடுத்தது கல்யாணப் பந்தியில். மருமகன் தெற்கத்திக்காரர், ஒரகடத்தில் லாரி செய்யும் கம்பெனியில் வேலை. "உங்க ஊர்ல பூரா கம்பெனியாத்தான இருக்கு, மானெல்லாம் எங்க மாமா இருக்கப் போகுது?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பெரியப்பாவுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "ஏரிக்கு அந்தாண்ட வந்து பாருங்க மாப்ள. தலை ஆடிக்கு உங்களுக்கு மான் கறிதான்" என்று சொல்லிவிட்டார்.

மானைச் சுட்டால் ஜெயில் என்பது எங்கள் மண்ணூரில் எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா அதைத் தினமும் சொன்னார். பெரியப்பாவிடம் பயிர்க்காவலுக்காக லைசென்ஸோடு வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி இருந்தது. பயிர் வைத்த நிலம் கம்பெனிக்குப் போய்ப் பல வருடம் ஆகியும் துப்பாக்கி மட்டும் பரணில் தங்கிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு இரண்டு முறை ஏரிப் பக்கம் போய் வெறுங்கையோடு திரும்பினார். "எதிர்லயே நிக்குது, சுட்டா பட மாட்டேங்குது. தூரம் பிடிபடல" என்றார்.

சித்தப்பா அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தம்பி. கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. எந்தச் சிக்கலுக்கும் போனில் மருந்து தேடுபவர். இதற்கும் ஒரு மெஷினைக் கண்டுபிடித்தார். கண்ணில் வைத்துப் பட்டனை அமுக்கினால் எதிரில் இருப்பது எத்தனை மீட்டர் என்று எண் வருமாம். ரேஞ்ச்ஃபைண்டர் என்று பெயர். எங்கள் வீட்டில் அது தூரம் பார்க்கிற மெஷின் ஆயிற்று.

வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளைப் படித்துச் சொல்ல இங்கிலீஷ் மீடியத்தில் ஆறாம் வகுப்பு படிக்கும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். விலை குறைந்ததெல்லாம் கோல்ஃப் ஆடுபவர்களுக்கானது. அது முதலில் தட்டுப்படுவதன் தூரத்தைச் சொல்லும். முன்னால் புதர் இருந்தால் புதரின் தூரம்தான் வரும். வேட்டைக்கானது புதரைத் தாண்டிப் பின்னால் நிற்பதைப் பிடிக்கும். ஆயிரம் மீட்டர் வரை பார்க்கும் என்று நான் படித்ததும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். துப்பாக்கி ஐம்பது மீட்டருக்கு மேல் எட்டாது என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

முதலில் வந்த மெஷினை மொட்டை மாடியில் சோதித்தோம். தண்ணீர் டேங்க், கம்பெனிச் சுவர், கோயில் அரச மரம் எல்லாவற்றுக்கும் எனக்கு எண் தெரிந்தது. பெரியப்பா பார்த்துவிட்டு, "ஒண்ணுமே வரல. ஏமாத்திட்டான்" என்றார். கறுப்பு எழுத்து மர நிழலில் கலந்து தெரியவில்லை போலும் என்று சித்தப்பா அதைத் திருப்பியனுப்பினார். சிவப்பில் பெரிதாக எண் ஒளிரும் இன்னொன்றை வாங்கினார். அதிலும் பெரியப்பா ஒன்றை ஏழு என்று படித்தார். மெஷின் பழகவில்லை என்றார். அதனால் தூரத்தைச் சித்தப்பா பார்த்துச் சொல்வதாகவும், பெரியப்பா சுடுவதாகவும் ஏற்பாடு. மெஷினின் பட்டன்கள் எனக்குத்தான் அத்துப்படி என்று அழுது அடம்பிடித்து நானும் கிளம்பினேன்.

பொழுது சாய்கிற நேரம். ஏரிக்கரைச் சரிவில் வேலிகாத்தான் புதர்களுக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்தோம். வெகுநேரம் எதுவும் வரவில்லை. திடீரென்று பெரியப்பா என் தோளை அழுத்தினார்.

"தோ பார்ரா. புதருக்குப் பின்னால பழுப்பா அசையுது. படுத்துகினு கீது. எவ்ளோ தூரம்?"

துப்பாக்கி தோளுக்குப் போய்விட்டது. சித்தப்பா மெஷினைக் கண்ணில் வைத்தார். பட்டனை அமுக்கினார். அப்படியே இருந்தார்.

"சொல்றா."

"இருநூத்திப் பத்துண்ணா."

"இன்னாடா உளர்ற? பக்கத்துல கீது."

"இருநூத்திப் பத்து. எட்டாதுண்ணா. துப்பாக்கியைக் கீழ வை." குரல் ரொம்ப மெதுவாக, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கையிலிருந்து மெஷினைப் பிடுங்கிப் பார்த்தேன். தரையைப் பார்த்துத்தான் பிடித்திருந்தேன், ஆனால் அவர் அமுக்கிய எண் இன்னும் அணையாமல் சிவப்பாக இருந்தது. "சித்தப்பா, முப்பத்தெட்டுதான் போட்டுகினு கீது!" என்றேன். அவர் என் வாயைப் பொத்தினார். மறு கையால் குழலைப் பிடித்துத் தரைப் பக்கம் திருப்பி, தோட்டாவை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். பெரியப்பா திட்டிய திட்டு ஏரி முழுக்கக் கேட்டிருக்கும்.

அந்தச் சத்தத்தில் புதருக்குப் பின்னாலிருந்து இரண்டு பெண்கள் எழுந்தார்கள். பழுப்பு நிறக் கம்பெனிக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. ஹாஸ்டலில் தங்கியிருக்கும் தெற்கத்திப் பெண்கள், டவர் கிடைக்கும் என்று கரையில் வந்து உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுபவர்கள். ஒருத்தி என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். சித்தப்பா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கால் மரத்துப்போய்விட்டது என்று நினைத்தேன்.

"யாரு கண்ணு அது, யாருக்குக் கை காட்ற?" என்று பெரியப்பா கேட்டார்.

துப்பாக்கியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, சித்தப்பா எங்கள் இருவரையும் பைக்கில் ஏற்றிச் சுங்குவார்சத்திரம் டீக்கடைக்குக் கூட்டிப்போனார். எனக்கு பன்னும் பாலும் வாங்கித் தந்து சற்றுத் தள்ளி உட்காரவைத்தார். அண்ணன் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் எதையோ சொன்னார். நீளமாக இல்லை, இரண்டு மூன்று வாக்கியம்தான். பெரியப்பா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

அந்த வாரமே கண்ணாஸ்பத்திரிக்குப் போனார்கள், பெரியப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். தலை ஆடிக்கு வந்த மருமகனுக்கு ஆட்டுக்கறிதான்.

ஆனால் அன்றைக்கு டீக்கடையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், நல்ல மெஷின் காட்டிய சரியான எண்ணைச் சித்தப்பா தப்பாகச் சொல்லி மானைத் தப்பவிட்டுவிட்டார் என்பதுதான். பெரியப்பா டீயைத் தொடவே இல்லை, அதன்மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. அவர் கண் துடைத்துக்கொண்டதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. பக்கத்தில் போய், என் பன்னில் பாதியைப் பிய்த்து அவர் கையில் வைத்து, "வுடு பெரியப்பா, நாளைக்கு வேற மான் வரும்" என்று சொன்னேன்.