துண்டுக்குள் இருந்த கை

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் அந்தத் தரகரைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். அத்தனை மாடுகளுக்கு நடுவிலும் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுச் சாணம் இல்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இருவர் கைகளின் மேலும் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்.

எங்கள் நிறுவனம் செய்த மாட்டு வியாபாரச் செயலியை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். திறந்ததுமே, போனில் உள்ள எண்களையெல்லாம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. கீழே ‘சரி’, ‘பிறகு’ என்று இரண்டே பொத்தான்கள். அவர் ‘பிறகு’ என்பதை அழுத்தினார். மறுபடி கேட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் கேட்டது.

“ஏனுங்க, வெலை ஒத்துவரலீன்னா துண்டுக்குள்ள இருந்து கையை உருவிப்போடுவோமுங்க. அப்புறம் யாரும் புடிச்சு இழுக்கமாட்டாங்க. இதுல கையை எப்படிங்க உருவறது?”

அந்தத் திரையை வடிவமைத்தவனே நான்தான்.

அலுவலகத்தில் ஒரு வாரம் மல்லுக்கட்டி, ‘சரி’ அளவுக்கே ‘வேண்டாம்’ என்றொரு பொத்தானை வைத்தேன். அடுத்த சந்தையன்று அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் முதலில் அழுத்தியதே அதைத்தான். செயலி மறுபேச்சுப் பேசவில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.