சிவக்காத எந்திரம்

காலாப்பட்டில் மீன் விற்கும் சின்னப்பாப்பாவின் மகள் சத்யப்பிரியாவுக்குப் பிறவியிலேயே காது கேளாது. கைகளே அவளுக்கு வாய். சாரம் என்ற பகுதியிலிருந்த பயிற்சி மையத்தில், தகடு வெட்டும் எந்திரத்தை இயக்கும் தொழிலை அவள் தொடுதிரைக் கணினியில் கற்றாள். திரையில் தோன்றும் பெண் சைகையால் கேள்வி கேட்பாள். சத்யப்பிரியா சைகையால் விடை சொல்ல, கணினியின் கேமரா அதைப் படித்துக்கொள்ளும். விடை பிழையானாலும், படத்திலுள்ள கத்தியருகே கையை வைத்தாலும் திரை முழுதும் சிவக்கும். ஆறு மாதத்தில், ஆபத்து என்றால் சிவப்பு என்றே அவள் மனத்தில் பதிந்துவிட்டது.

தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், கோணலாக நின்ற தகட்டைச் சரிசெய்ய எந்திரத்துக்குள் கையை நீட்டினாள். எதுவும் சிவக்கவில்லை. கத்தி இறங்கியது. வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

"மணி அடிச்சுதேம்மா, எல்லாருக்கும் கேட்டுதே!" என்றார் மருத்துவமனைக்கு வந்த மேற்பார்வையாளர்.

"காது கேக்காத பொண்ணுன்னு தெரிஞ்சுதானே சேத்துக்கிட்ட? அவளுக்குப் போயி மணி அடிச்சியாய்யா?" என்று கேட்டாள் சின்னப்பாப்பா.

கட்டுப் பிரித்த மறுநாள், சத்யப்பிரியா மையத்துக்குச் சென்று பழைய கணினியின் முன் அமர்ந்தாள். திரையிலிருந்த பெண் வழக்கம்போல் முதலில் பெயரைக் கேட்டாள்.

எஞ்சிய விரல்களால் சத்யப்பிரியா தன் பெயரைச் சொன்னாள். திரை சிவந்தது. நிறுத்தி நிதானமாக மறுபடியும் சொன்னாள். மறுபடியும் சிவந்தது.